ஏற்றத்தில் வந்து பார்த்த ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுக்களுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில்தான் வந்துகொண்டிருந்தது. கடைசிக் கடிதத்தில் மட்டும் வாசகம் மாறியது. நேரில் ஆய்வு செய்தீர்களாம், ஆற்றில் கழிவுநீர் கலக்கும் இடம் எதுவும் தென்படவில்லையாம். அதைப் படித்த பிறகு இன்னொரு மனு எழுத மனம் வரவில்லை. ஊரறியவே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் வந்தது பௌர்ணமியை ஒட்டிய நாள். காலை ஒன்பது மணி வாக்கில், கடல் ஏற்றம் முழுக்க ஏறி, கண்டல் செடிகளின் வேரெல்லாம் மூழ்கிக் கிடந்த நேரம். கூட வந்த எங்கள் ஊர்ப் பெரியவர், வீச்சு வலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர், குழாய் இருக்கும் இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார். "அங்கே தண்ணீர்தானே இருக்கிறது" என்றார் உங்களோடு வந்தவர். குழாயின் வாய் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்தது, ஐயா. வற்றம் வரட்டும், பிற்பகல் மூன்று மணி வரை இருங்கள் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். ஜீப் கிளம்பிவிட்டது. மூன்று மணிக்கு நீர் இறங்கியதும் குழாய் வெளியே வந்தது. அதிலிருந்து கருப்பாக, நுரையோடு ஊற்றிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். அது யாருடைய குழாய் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

அந்த வாரமே ஒரு விடியலில் மீன் செத்து ஒதுங்கியது. பின்னிரவு வற்றத்தில் ஆற்று நீர் குறைந்து, கழிவு மட்டும் மிஞ்சும். வெயில் வருவதற்கு முந்தைய அந்த நேரத்தில்தான் நீரில் உயிர்க்காற்றும் ஆகக் குறைவாக இருக்கும். மடவைகள் வாயைப் பிளந்தபடி சேற்றில் கிடந்தன. விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகள் கரையோரம் வரிசையாக ஒதுங்கியிருந்தன. ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பே இல்லை, கருஞ்சேறு அப்பியிருந்தது. கொடுவா கடலோரம் முட்டையிட்டு, குஞ்சு ஆற்றுக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும் மீன். நாங்கள் அன்று வாரிப் புதைத்தது பிற்காலத்துக் கடல் மீனை.

விசைப்படகுகள் எல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் நீட்டினார்கள். மீன் இனம் பெருகட்டும் என்று மீனவனும் வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்கிறான். இறாலும் மடவையும் கொடுவாவும் குஞ்சாக வளரும் இடம் இந்தக் கழிமுகம். கடலுக்கு 61 நாள் ஓய்வு கொடுக்கும் நீங்கள், கடலின் தொட்டிலுக்கு ஒரு நாளாவது கொடுத்தீர்களா?

இன்னொன்றும் உண்டு. இயந்திரமில்லாத தோணிக்கும் வீச்சு வலைக்கும் இந்தத் தடை கிடையாது. கடல் மீன் வரத்து குறைந்து குபேர் அங்காடியில் விலை ஏறும் இந்த இரண்டு மாதம்தான் ஆற்று வலைக்காரன் நாலு காசு பார்க்கும் பருவம். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அடகு நகையும் அதில்தான் தீரும். என் அப்பா காலத்தில் இந்தப் பருவத்தில் கொடுவாவும் கிழங்கானும் வெள்ளை இறாலும் கூடை நிறைய வரும். இன்று வலையை உதறினால் ஜிலேபி கெண்டை விழுகிறது, அதோடு பாலிதீன் பை. எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும் மீன் அது. நீரைச் சோதிக்க உங்களுக்கு ஆய்வகம் வேண்டும், எங்களுக்கு இந்த மீனே போதும்.

ஆய்வகச் சான்றும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடெங்கும் மாசுபட்ட 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, நம் ஒன்றியப் பகுதியிலிருந்து அரசலாறும் சுண்ணாம்பாறும் அதில் இருந்தன. சங்கராபரணி ஆறு சுண்ணாம்பாறாகவும் அரியாங்குப்பத்து ஆறாகவும் பிரிந்துதான் கடலைச் சேருகிறது. ஆகவே உங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. நகரத்து உப்பனாறு சாக்கடையாகிப்போனதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அடுத்தது இதுவா?

இதே ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியச் சாடிகள் கிடைத்தன. வெளிநாட்டு விருந்தினர்களை அங்கே அழைத்துப் போகிறீர்கள். மேட்டைக் காட்டிவிட்டு, கீழே ஓடும் ஆற்றைக் காட்டாமலே திரும்புகிறீர்கள். ஆடியில் வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேரை ஆளுநர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். மீனவன் வலையில் அகப்பட்ட மரக்கட்டைதான் அந்த அம்மன் என்று ஊரில் சொல்வார்கள். இன்று வலை வீசினால் என்ன அகப்படும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

செத்த ஆறு பிழைக்காது என்று சொல்லிவிடாதீர்கள். லண்டன் தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உயிரே இல்லை என்று 1957இல் அறிவித்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைச் சீர்செய்தார்கள். 1974இல் அதே ஆற்றில் சால்மன் மீன் அகப்பட்டது. அவர்கள் செய்தது மந்திரமில்லை. சாக்கடையை ஆற்றில் விடுமுன் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி உங்களிடம் குழுவோ ஆய்வறிக்கையோ நான் கேட்கப்போவதில்லை. தென்படவில்லை என்று கையெழுத்திட்டீர்களே, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அமாவாசையன்று பிற்பகல் மூன்று மணிக்கு, வற்றத்தில், வந்து நில்லுங்கள். காலில் சேறு படும், பரவாயில்லை. அந்தக் குழாயை அன்றே அடைத்துவிடுங்கள். முடியாது என்றால், யாருக்காக முடியாது என்பதை மீன் விற்கும் எங்கள் பெண்களிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அரியாங்குப்பத்து வீச்சு வலைக்காரர் ஒருவரின் மகன்