மீண்டும் ஒருமுறை கேட்கலாமா?



ஒரு நாட்டு மக்களை நோக்கி, "நீங்கள் தனி நாடாக வாழ விரும்புகிறீர்களா?" என்று ஒரு வினா வைக்கப்படுகிறது. பெரும்பான்மையோர் "இல்லை" என்கின்றனர். சில ஆண்டுகள் கழிந்தபின் அதே வினாவை மீண்டும் அவர்கள் முன் வைக்கலாமா? வைப்பதுதான் மக்களாட்சி என்கிறார் ஒருவர். மக்கள் அளித்த தீர்ப்பை மதித்து வாளாவிருப்பதே மக்களாட்சி என்கிறார் மற்றவர். இருவருமே மக்களின் பெயரால்தான் பேசுகின்றனர். ஸ்காட்லாந்தில் 2014ஆம் ஆண்டிலிருந்து நிகழ்ந்துவரும் வழக்கு இது.

நாம் பேச்சு வழக்கில் இங்கிலாந்து என்றே சொல்லிவிடும் பிரிட்டன், உண்மையில் நான்கு நாடுகளின் கூட்டு. அவற்றுள் ஒன்றாகிய ஸ்காட்லாந்து, 1707ஆம் ஆண்டு தன் நாடாளுமன்றத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்தோடு இணைத்துக்கொண்டது. படையெடுப்பால் அன்றி உடன்படிக்கையால் ஏற்பட்ட இணைப்பு அது. இதை நினைவிற் கொள்ளுங்கள். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2012 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும், ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோ நகரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன்படி 2014 செப்டம்பர் 18 அன்று பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 16 வயது நிரம்பியவருக்கும் வாக்குரிமை தரப்பட்டது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவரும் வாக்களிக்கலாம் என்பது விதி. ஆகவே முறையான அனுமதியோடு கிளாஸ்கோவில் குடியிருந்த இந்தியக் குடிமகன் வாக்களிக்க முடிந்தது. ஆனால் வெளிநாட்டில் வசித்த ஸ்காட்லாந்துப் பெருநடிகர் ஷான் கானரியால் முடியவில்லை! பிரிவினைக்கு எதிராக 55.3 விழுக்காடு, ஆதரவாக 44.7 விழுக்காடு. வேறுபாடு ஏறத்தாழ மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரம் வாக்குகள். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் இத்தனை பெரிய வினாவுக்கு விடை காணப்பட்டதே, அது பாராட்டுக்குரியதன்றோ?

அத்துடன் முடிந்திருக்க வேண்டியதுதான். தனிநாடு கேட்ட தரப்பே அன்று, இது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் சந்தர்ப்பம் என்று கூறித்தான் வாக்குக் கேட்டது. மறுவாக்கெடுப்பை எதிர்ப்போர் இச்சொல்லை விடாது பற்றிக்கொண்டிருக்கின்றனர்.

ஆனால் 2016 ஜூன் 23 அன்று நிலைமை புரண்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று பிரிட்டன் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. மொத்த பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர் விலகுவோம் என்றனர். ஸ்காட்லாந்திலோ 62 விழுக்காட்டினர் நீடிப்போம் என்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், "தனி நாடாகப் பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் உங்கள் இடம் போய்விடும்" என்று சொல்லித்தான் பிரிவினைக்கு எதிராக வாக்குத் திரட்டப்பட்டது. பிரியாமலிருந்தும் அந்த இடம் போயிற்று! ஒரு பொருளை வாங்கும்போது சொல்லப்பட்ட தன்மை, வாங்கியபின் இல்லாமற்போனால், மறுபடி பேச உரிமை உண்டா இல்லையா? கடைத்தெருவிலேயே இதற்கு நியாயம் கேட்கிறோம்.

மறுவாக்கெடுப்புக்கான வாதங்களுள் இதுவே வலிமை மிக்கது என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. பிரிட்டன் தானே ஒரு வினாவை இரண்டாம் முறை கேட்ட நாடு. 1975இல் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்க 67 விழுக்காட்டினர் இசைந்தனர். அதைத்தான் 2016இல் மீண்டும் கேட்டனர். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1979 மார்ச்சில் கேட்டபோது, வாக்களித்தோரில் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். ஆயினும் பட்டியலிலுள்ள மொத்த வாக்காளரில் 40 விழுக்காடு தேவை என்ற நிபந்தனையால் அது தோற்றது, கிடைத்தது 32.9. வாக்களிக்க வராதவரும்கூட எதிர்த்து வாக்களித்ததற்கு ஒப்பாயினர். அந்த மனக்குறை 18 ஆண்டுகள் புகைந்தது. 1997இல் மறுபடி கேட்டபோது 74.3 விழுக்காட்டினர் ஆதரித்தனர், சட்டமன்றம் அமைந்தது. மறுபடி கேட்டதே தவறு என்று இன்று அங்கே யார் வாதிடுகின்றனர்?

இனி மறுதரப்பைக் கேட்போம். அவர்களை ஆதிக்க மனத்தினர் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் ஊர் ஜமாஅத் தேர்தலில் தோற்றவர் அடுத்த தேர்தலில் மறுபடி நிற்கிறார். வென்றவரை அப்போது இறக்கவும் செய்கிறார். சாதாரணத் தேர்தல் இருபக்கமும் திறக்கும் கதவு. பிரிவினை வாக்கெடுப்பு அத்தகையதன்று. இணைந்திருக்க விரும்புவோர் ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும். பிரிய விரும்புவோர் ஒரேயொரு முறை வென்றாற் போதும். வேண்டிய விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதை மஷூரா என்று சொல்ல முடியுமா?

கனடாவின் கியூபெக் மாநிலம் இதற்குச் சான்று. 1980இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிவினைக்கு ஏறத்தாழ 40 விழுக்காடே கிடைத்தது. 1995 அக்டோபர் 30இல் மீண்டும் கேட்டனர். 93 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாக்களிக்க, பிரிவினை 49.42 விழுக்காடு பெற்று, 54,288 வாக்கில் தோற்றது. ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகைகூட இல்லாத எண்ணிக்கை ஒரு பெருநாட்டைப் பிளவுபடாமல் காத்தது. இடைப்பட்ட காலமெல்லாம் நிலையின்மை. பிரிவினைக் கட்சி ஆட்சிக்கு வந்த பின்னர், 1978இல், சன் லைஃப் என்னும் பெரும் காப்புறுதி நிறுவனமே தன் தலைமையகத்தை மொன்ட்ரியாலிலிருந்து டொரொண்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. வாக்கெடுப்பு நாளன்று மட்டுமல்ல, வரப்போகும் வாக்கெடுப்பின் நிழலிலும் மக்கள் விலை கொடுக்கின்றனர்.

அதனினும் கொடிது, தோற்றவர் ஏற்காத வாக்கெடுப்பு. பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள நியூ கலிடோனியாவில், 1998ஆம் ஆண்டு நூமேயா உடன்படிக்கையின்படி மூன்று வாக்கெடுப்புகள் நடந்தன. 2018இல் சுதந்திரத்துக்கு 43 விழுக்காடு, 2020இல் 46.7. இழுபறி நெருங்கியது. 2021 டிசம்பரில் மூன்றாவது. கொரோனாவில் மாண்டோருக்குத் துக்கம் காக்கிறோம், தள்ளிவையுங்கள் என்று பூர்வகுடிகளான கனாக் மக்களின் தலைவர்கள் வேண்டினர். பாரிஸ் மறுத்தது. அவர்கள் புறக்கணித்தனர். 44 விழுக்காட்டினரே வாக்களிக்க, அவர்களில் 96.5 விழுக்காட்டினர் சுதந்திரம் வேண்டாம் என்றனர். கணக்கு சரி, ஆனால் அந்த விடையை யார் நம்பினர்? 2024 மே மாதம் வாக்காளர் பட்டியலை விரிவாக்கும் முயற்சியையொட்டிக் கலவரம் மூண்டு, பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். (1947 ஜூலையில் வடமேற்கு எல்லை மாகாண வாக்கெடுப்பை கான் அப்துல் கஃபார் கானின் தொண்டர்கள் புறக்கணித்ததும், இந்தியாவுக்கு மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கே விழுந்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவு வரலாம்.)

மீண்டும் ஸ்காட்லாந்துக்கு வருவோம். 2017இல் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் மறுவாக்கெடுப்புக் கேட்டபோது, இது அதற்கான வேளையன்று என்றார் பிரதமர் தெரசா மே. 2020இல் போரிஸ் ஜான்சனும் மறுத்தார். 2021 தேர்தலில் மறுவாக்கெடுப்பை ஆதரித்த இரு கட்சிகள் 129 இடங்களில் 72ஐ வென்றன. மக்கள் ஆணையிட்டுவிட்டனர் என்றது ஒரு தரப்பு. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போட்ட வாக்கைப் பிரிவினைக் கணக்கில் எழுதாதீர் என்றது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 2019இல் 59 இடங்களில் 48 பெற்றது. 2024இல் 57 இடங்களில் 9 மட்டுமே பெற்றது. முன்னதை ஆணை என்றால் பின்னதை என்னவென்பது?

இதில் நம்மவர் எந்தப் பக்கம் என்று வினவும் வாசகருக்கு ஒரு செய்தி. 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரான ஹம்ஸா யூசுஃப் அப்போது தனிநாட்டுக் கட்சியின் தலைவராக இருந்தவர். அவருக்கு எதிரே தொழிற்கட்சித் தலைவராக அமர்ந்து ஒன்றியத்தைக் காத்துப் பேசியவர் அனஸ் சர்வர். இருவரும் முஸ்லிம்கள், கிளாஸ்கோவில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள்.

என் கருத்தைக் கேட்டால் சொல்வேன்: மறுபடி கேட்பது குற்றமன்று, எப்போது கேட்பது என்பதை வழக்காடும் இருவரில் ஒருவரே முடிவு செய்வதுதான் முறைகேடு. பிரிய விரும்புவோர் கையில் நாள் குறிக்கும் உரிமை இருந்தால், தமக்குச் சாதகமான காற்று வீசும்வரை காத்திருந்து குறிப்பர். எதிர்ப்போர் கையில் இருந்தால், அந்த நாள் வரவே வராது. உடன்படிக்கையால் சேர்ந்தவர்க்கு வெளியேறும் வழியே இல்லையென்றால், அதை இசைவால் அமைந்த கூட்டு என்று சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் அதே பிரிட்டனின் இன்னொரு பகுதியாகிய வட அயர்லாந்துக்கு இந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. 1998ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கையின்படி, அயர்லாந்தோடு இணையப் பெரும்பான்மையோர் விரும்பக்கூடும் என்று தோன்றினால் பிரிட்டிஷ் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு ஆண்டுகளாவது கழிய வேண்டும். கனடாவிலும் 1998இல் உச்ச நீதிமன்றம், தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை விடை தந்தால் மற்றவர் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது.

ஸ்காட்லாந்துக்கு அப்படியொரு விதி எழுதப்படவில்லை. 2022 நவம்பர் 23 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, லண்டனின் இசைவின்றி எடின்பரோ சட்டமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற முடியாது என்றனர். எந்நிலையில் லண்டன் இசைந்தாக வேண்டும் என்ற வினா அவர்கள் முன் வைக்கப்படவில்லை. அதற்கு அவர்கள் விடை கூறவுமில்லை.