கடலில் கிழித்த கோடு

நாடு பெரிதா, தனிமனிதன் பெரியவனா என்று பட்டிமன்றம் நடத்துவோரைத் தருவைகுளத்துக் கரைக்கு அழைக்கிறோம்.

அன்று இக்கடலில் முத்துச் சலாபம் நடந்தது. கடல் சர்க்காருடையது என்றார்கள். வெள்ளையர் ஆட்சியில், மூச்சடக்கி மூழ்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் காத்திருந்த சர்க்காருக்கோ இரு பங்கு! 1961-க்குப் பின் சலாபமும் நின்றது.

இன்று? 2024 ஆகஸ்டில் இவ்வூர் மீனவர் 22 பேரை இலங்கைக் கடற்படை சிறைபிடித்தது. உடனே, "எல்லை தாண்டியவன் அவன், அவனே பொறுப்பு" என்கின்றனர் தேசபக்தர்கள். முத்தெடுத்தால் சர்க்கார் சொத்து. பிடிபட்டால் தனிமனிதன் குற்றம்! என்னே நீதி!

எல்லையை வகுத்தது யார்? 1976 மார்ச்சில் இந்திய, இலங்கை அரசுகள் மன்னார் வளைகுடாவில் கோடு கிழித்தன. நெருக்கடி நிலைக் காலம் அது. சனவரி 31-லேயே தமிழக ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது. எதிர்த்துக் கேட்கச் சட்டமன்றமும் இல்லை. வலை வீசுவோனை யார் கேட்டார்? "தலையெழுத்து" என்று விம்முகின்றனர் தாய்மார்கள். இல்லை அன்னையரே, தலையெழுத்தன்று, தில்லி எழுத்து!

அக்கரை மீனவனும் உழைப்பாளியே. அவன் வலையை அறுத்து நம் வயிறு நிரம்ப வேண்டாம். இருகரை மீனவரையும் ஒன்றாய் அமர்த்திப் பேசட்டும் அரசுகள். கொடிக்கு வணக்கம் கேட்கும் அரசு, குடிமகன் கைவிலங்குக்கும் பொறுப்பேற்கட்டும்!

தோழர்களே! கோடு நாடாகாது, மக்களே நாடு. அவர்களைக் கேளாமல் வரைந்த கோட்டை, அவர்களைக் கேட்டுத் திருத்தச் சொல்வது துரோகமன்று, குடிமகனின் கடமை.