கடைவீதியைக் காக்க வந்த பேய்கள்!

பேய் வந்தால் கடையை இழுத்து மூடிவிட்டு ஓடுவார்கள். அதுதான் உலக வழக்கம். ஆனால், பேயை வலியக் கூப்பிட்டு, கடை வாசலில் நிறுத்தி வைத்து, வியாபாரம் செய்யக் கிளம்பிய தெரு ஒன்று உண்டு!

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரமான கியோட்டோவில் இருக்கிறது அந்தத் தெரு. பெயர் இச்சிஜோ. அதில் உள்ள தைஷோகுன் கடைவீதியில்தான் இந்தக் கூத்து. நடத்தியவர்கள் யார் தெரியுமா? மந்திரவாதிகள் அல்ல. கியோட்டோ சாகா கலைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள்!

"படிக்கிற பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கத்தான் தோன்றும். விஷயத்தைக் கேட்டால் சபாஷ் போடத் தோன்றும்.

இறங்கிய ஷட்டர்கள்

பெரிய கடை வந்தால் சின்னக் கடைக்காரன் என்ன ஆவான்? எல்லா ஊரிலும் உள்ள கவலைதான் இது. ஜப்பானில் பெரிய கடைகளுக்குக் கடிவாளம் போட 1973-ம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். பிற்பாடு ஒரு கட்டத்தில் பிடி தளர்ந்தது. 2000-ம் ஆண்டில் சட்டமே போய்விட்டது. ஊருக்கு வெளியே, கார் நிறுத்த இடத்தோடு, பிரம்மாண்டமான கடைகள் முளைத்தன.

பழைய கடைவீதிகளில் முதலாளிக்கு வயசாகிவிட்டது. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது. இறங்கினது இறங்கினதுதான், மறுபடி ஏறவில்லை. இப்படிப்பட்ட வீதிகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரே "ஷட்டர் தெரு"!

தைஷோகுன் கடைக்காரர்களுக்கும் இந்த பயம் இருந்தது. வழக்கமாக என்ன செய்வார்கள்? வளைவு கட்டுவார்கள். கலர் விளக்குப் போடுவார்கள். திறப்பு விழா முடிந்த மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி!

இங்கே அப்படிச் செய்யவில்லை. தெருவிலேயே கிடந்த ஒரு பழைய கதையைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

சாமான்களுக்கு வந்த கோபம்

கதை இதுதான். சட்டி, பானை, குடை, செருப்பு எதுவானாலும் 100 வருஷம் ஆகிவிட்டால் அதற்கு உயிர் வந்துவிடுமாம். அதனால் மனிதர்கள் தந்திரமாக, 100 ஆவதற்கு முன்பே, 99-ல் தூக்கி எறிந்துவிடுவார்களாம்!

போகிக்கு வீட்டை ஒழிப்பது போல, ஜப்பானிலும் வருஷக் கடைசியில் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. 10-ம் நூற்றாண்டில் ஒரு வருஷம் அப்படி வீசப்பட்ட சாமான்கள் எல்லாம் தெருவில் கூடின. "காலமெல்லாம் உழைத்தோமே, கடைசியில் குப்பையா?" என்று கொதித்தன. ஒரே ஒரு ஜபமாலை மட்டும், "பழி வாங்க வேண்டாம், பொறுத்துப் போவோம்" என்று புத்தி சொன்னது. அதற்குக் கிடைத்தது அடி! உதைபட்டு வெளியேறியது ஜபமாலை. மற்றவை எல்லாம் பேயாக மாறி இச்சிஜோ தெரு வழியாக ஊர்வலம் போயின. கடைசியில் திருந்தி, அடிபட்ட அந்த ஜபமாலையிடமே சீடர்களாகச் சேர்ந்து, நல்ல கதி அடைந்தன.

ஓவியச் சுருளாகவே எழுதி வைக்கப்பட்ட பல நூறு வருஷக் கதை இது. வெறும் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. பழகிய பொருளை மதிக்கும் வழக்கம் அந்த நாட்டில் இன்றும் உண்டு. தையல் தொழில் செய்பவர்கள் ஆண்டில் ஒரு நாள், பிப்ரவரி 8 அல்லது டிசம்பர் 8, உடைந்த ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். கெட்டித் துணியைக் குத்திக் குத்திக் களைத்த ஊசி கடைசியாக மெத்தென்று ஓய்வெடுக்கட்டும் என்று, சோயாப் பாலில் செய்த கட்டியில் அதைச் செருகி வைப்பார்கள்.

குப்பையே மூலதனம்

2005-ல் வேலை தொடங்கியது. கடை வாசல்களில் பேய்ப் பொம்மைகள் எழுந்தன. கடையில் வேண்டாமென்று கிடந்த சாமான்களை வைத்துக் கடைக்காரர்களே கைப்பட செய்தவை. கதையில் எறியப்பட்ட சாமான் பேயானது. வீதியில் எறிய இருந்த சாமான் பொம்மையானது! வருஷத்தில் ஒரு ராத்திரி, பேய் வேஷம் கட்டிக்கொண்டு அதே இச்சிஜோ தெருவில் ஊர்வலம். பேய்ப் பொருட்களை விற்கச் சந்தை. பேய் பெயரில் பலகாரம் வேறு!

பேயை வைத்துப் பிழைத்த ஊர் ஜப்பானில் இன்னொன்றும் உண்டு. பேய்ப் படக்கதைகளால் புகழ் பெற்ற ஷிகெரு மிசுக்கி வளர்ந்த சகாய்மினாதோ என்ற துறைமுக ஊர். அங்கே 1993-ல் 23 வெண்கலப் பேய்ச் சிலைகளோடு ஆரம்பித்தார்கள். பிற்பாடு அது 177 ஆகப் பெருகியது. நல்ல காரியம்தான். ஆனால் வெண்கலத்துக்குப் பணம் வேண்டும், பிரபலமான படக்கதைக்காரர் வேண்டும். எல்லா வீதிக்கும் அது வாய்க்குமா? தைஷோகுன் காட்டிய வழியில் செலவு கம்மி. பழைய சாமானும், பழைய கதையும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஒரு நாள் கூட்டம் போதுமா?

வியாபாரம் தெரிந்தவர்கள் உடனே ஒரு கேள்வி போடுவார்கள். "வேடிக்கை பார்க்க வர்றவன் பத்திரிகைக்கு போட்டோ புடிச்சுட்டுப் போவான். காய்கறி வாங்குவானா? ஒரு நாள் கூட்டம் மிச்சம் 364 நாளுக்குச் சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. பேயால் பெரிய கடைகளை விரட்ட முடியாது. கிழவருக்கு வாரிசைத் தேடித் தரவும் முடியாது. அப்படிச் சொல்பவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

ஆனால் ஒன்று. பேர் தெரியாத வீதிக்கு யாரும் வரமாட்டார்கள். வராதவர்களிடம் எதையும் விற்க முடியாது. தைஷோகுன் வீதிக்கு இன்று ஒரு பேர் இருக்கிறது. "பேய்த் தெரு" என்றால் வழி சொல்ல ஆள் இருக்கிறது. அதைவிடப் பெரிய லாபம், இருபது வயசுப் பிள்ளைகளும் எழுபது வயசு முதலாளிகளும் ஒரே பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்து ஆணி அடித்தது. "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?" என்று கடைக்காரர்கள் கதவைச் சாத்தியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். "இந்தக் கிழங்களோடு நமக்கென்ன?" என்று மாணவர்கள் போயிருந்தாலும் அதே முடிவுதான்.

பழைய கடைவீதிகளுக்கும் 99-ம் வருஷம் வரும். இடித்துத் தள்ளிவிடலாம் என்று துடைப்பத்தோடு சிலர் நிற்பார்கள். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்கிற ஜபமாலைக்கு அப்போதும் அடி விழலாம். விழட்டும். கதையில் கடைசியில் குருவானது அந்த ஜபமாலைதான்!