அலமாரியில் துப்பாக்கி! தோட்டா எங்கே?

சுவிட்சர்லாந்தில் ஒரு ரயில் நிலையம். ராணுவ உடையில் ஒரு வாலிபன் நிற்கிறான். அவன் தோளில் துப்பாக்கி தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பாட்டி காய்கறிப் பையுடன் நிற்கிறாள். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நாட்டில் இது சர்வ சாதாரணக் காட்சி. அந்த வாலிபன் சண்டைக்குப் போகவில்லை. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகிறான். துப்பாக்கியும் அவனோடு வீட்டுக்குப் போகிறது!

இந்தியாவில் சிப்பாய் விடுமுறையில் வந்தால் பெட்டி வரும், படுக்கை வரும், பிள்ளைகளுக்குப் பொம்மை வரும். ராணுவத் துப்பாக்கி வராது. அது முகாமில் ஆயுதக் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். சுவிட்சர்லாந்தில் மட்டும் ஏன் இந்த வழக்கம்? அதனால் வீட்டுக்குக் காவலா, ஆபத்தா? இந்தக் கேள்விக்காக அந்த நாட்டில் பொதுமக்கள் ஓட்டெடுப்பே நடந்திருக்கிறது.

உழவரும் சிப்பாய், வாத்தியாரும் சிப்பாய்

சுவிட்சர்லாந்து மலைகள் நிறைந்த சின்ன நாடு. அங்கே எப்போதும் முகாமிலேயே இருக்கும் பெரிய பட்டாளம் கிடையாது. ஆண்கள் எல்லோருக்கும் ராணுவ சேவை கட்டாயம். பெண்கள் விரும்பினால் சேரலாம். முதலில் 18 வாரம் பயிற்சி. பிறகு அவரவர் தொழிலுக்குத் திரும்பிவிடலாம். உழவர் வயலுக்குப் போவார். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் போவார். அதன் பின் சில ஆண்டுகளுக்கு, வருஷத்தில் மூன்று வாரம் மறுபயிற்சிக்கு வரவேண்டும்.

எதிரி திடீரென்று படையெடுத்தால்? துப்பாக்கிக்காகக் கிடங்கு வாசலில் காத்து நிற்க நேரம் இருக்காது. வீட்டிலிருந்தே ஆயுதத்தோடு கிளம்ப வேண்டும். இதுதான் பழைய காரணம். 1874-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே, சிப்பாயின் ஆயுதம் அவன் கையிலேயே இருக்கும் என்று எழுதி வைத்தார்கள். 1939-ல் உலக யுத்தம் மூண்டபோது, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு எல்லைக்குப் போனார்கள்.

மகன் தலையில் இருந்த ஆப்பிளை அம்பால் அடித்த வில்லியம் டெல் கதை அந்த நாட்டுக் கதைதான். ஆயுதம் வைத்திருப்பவனே சுதந்திர மனிதன் என்ற எண்ணம் அங்கே பலருடைய நெஞ்சில் ஊறிப்போனது.

வீட்டில் எப்படி வைக்க வேண்டும்?

சிப்பாய்க்குக் கொடுப்பது தானாகவே அடுத்தடுத்துச் சுடக்கூடிய ராணுவத் துப்பாக்கி. அதை வாசலில் சாத்தி வைக்க முடியாது. திருடனுக்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம் ஒன்று உண்டு. அதை ‘போல்ட்’ என்பார்கள். அதைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புத் தடிதான்.

வருஷத்துக்கு ஒரு முறை, பெரும்பாலோர் தங்கள் ஊர் சுடும் சங்கத்துக்குப் போய், 300 மீட்டர் தூரத்து இலக்கை நோக்கி 20 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தோட்டாவை அங்கேயே கொடுப்பார்கள்.

சேவை முடிந்த பிறகு துப்பாக்கியைச் சொந்தமாக்கிக் கொள்ளவும் வழி உண்டு. அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். துப்பாக்கியையும், தொடர்ந்து வெடிக்காமல் ஒவ்வொன்றாகச் சுடும்படி மாற்றித்தான் தருவார்கள்.

சீல் வைத்த டப்பா

முன்பெல்லாம் துப்பாக்கியோடு ஒரு தகர டப்பாவும் வீட்டுக்குப் போகும். மீன் டப்பா போல் மூடி சீல் வைத்தது. உள்ளே 50 தோட்டா! போர் வந்தால் மட்டுமே அதைத் திறக்கலாம். மறுபயிற்சிக்கு வரும்போது சீல் உடையாமல் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். உடைந்திருந்தால் தண்டனை.

ஆனால் சீலை உடைப்பது பெரிய காரியமா? கோபத்தில் இருப்பவன் தண்டனையை நினைப்பானா?

2006 ஏப்ரல் 30-ல் அந்த நாடே அதிர்ந்தது. கொரின் ரே-பெல்லே என்ற பனிச்சறுக்கு வீராங்கனை சுட்டுக் கொல்லப்பட்டார். 2003 உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர் அவர். அவருடைய தம்பியும் உடன் இறந்தார். சுட்டவர் வீராங்கனையைப் பிரிந்திருந்த கணவர். அவர் ஒரு ராணுவ அதிகாரி. சுட்டது ராணுவம் கொடுத்த கைத்துப்பாக்கியால்!

‘வீட்டில் ராணுவத் துப்பாக்கி எதற்கு?’ என்று பெண்கள் கேட்டார்கள். 2007-ல் ஒரு முடிவு வந்தது. இனி தோட்டா டப்பா வீட்டுக்குத் தருவதில்லை. கொடுத்ததையும் திரும்ப வாங்குவது என்று தீர்மானித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 23-ல் இன்னொரு துயரம். ஜூரிச் நகரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 16 வயதுப் பெண்ணை, அன்றுதான் பயிற்சி முடித்து வந்த ஒருவன் ராணுவத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். முன்பின் தெரியாத பெண்! பயிற்சியின்போது களவாக எடுத்து வைத்திருந்த தோட்டா அது. துப்பாக்கி வீட்டுக்கு வரும் வரை ஆபத்தும் கூடவே வரும் என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள்.

ஜனங்கள் சொன்ன தீர்ப்பு

விவகாரம் ஓட்டெடுப்புக்கு வந்தது. ராணுவத் துப்பாக்கிகளைக் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்பது யோசனை. டாக்டர்கள், பெண்கள் சங்கங்கள், சமாதான இயக்கத்தார் ஆதரித்தார்கள். சர்க்காரும் பாராளுமன்றமும் வேண்டாம் என்றன. சுடும் சங்கத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். ‘நாடு தன் மக்களை நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அது நம் ராணுவமே அல்ல’ என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

2011 பிப்ரவரி 13-ல் ஓட்டெடுப்பு நடந்தது. யோசனை தோற்றது. 100-க்கு 56 பேர் வேண்டாம் என்றார்கள். ஜெனீவா, ஜூரிச் போன்ற நகரப் பகுதிகள் ஆதரித்தன. மலைப் பகுதிகள் எதிர்த்தன.

ஆனாலும் பழைய நிலை அப்படியே நீடிக்கவில்லை. 2010 முதல், விரும்பிய சிப்பாய் தன் துப்பாக்கியைக் காரணம் சொல்லாமலே கிடங்கில் ஒப்படைக்கலாம். கட்டணம் இல்லை. ஒருவரிடம் ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் ராணுவமே துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டாக்டர்கள் இதுபற்றித் தகவல் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

கொலை என்றால் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். ஆனால் வீட்டுத் துப்பாக்கியால் சத்தமில்லாமல் நடக்கும் துயரம் வேறு. அது தற்கொலை.

‘சாகத் துணிந்தவன் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேடுவான்’ என்று பலர் சொல்வதுண்டு. இது சரிதானா? சுவிட்சர்லாந்திலேயே இதற்கு விடை கிடைத்தது. 2003-ல் ராணுவத்தைச் சீர்திருத்தி ஆட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். அத்தனை வீடுகளில் துப்பாக்கியும் குறைந்தது. 2013-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். சேவை வயதுள்ள ஆண்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. துப்பாக்கியால் நிகழாமல் போன ஒவ்வொரு 100 சாவுக்கும், வேறு வழிக்குப் போனது 22 மட்டுமே. மற்றவர்கள் பிழைத்தார்கள்!

இஸ்ரேலிலும் இதே பாடம். அங்கே இளம் சிப்பாய்கள் வார விடுமுறைக்குத் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவது வழக்கம். 2006-ல் ராணுவம் ஓர் உத்தரவு போட்டது. விடுமுறைக்குப் போகும்போது துப்பாக்கியை முகாமில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். சிப்பாய்களிடையே தற்கொலை 100-க்கு 40 குறைந்தது. குறைந்தது வார விடுமுறை நாட்களில்தான். முகாமில் இருக்கும் நாட்களில் பெரிய மாறுதல் இல்லை.

சம்பளத்தில் வாங்கிய துப்பாக்கி

அமெரிக்காவில் சிக்கல் வேறு விதமானது. அங்கே ராணுவத் துப்பாக்கி வீட்டுக்கு வருவதில்லை. சிப்பாய்கள் தங்கள் சம்பளத்தில் சொந்தத் துப்பாக்கி வாங்குகிறார்கள். முகாம்களில் உள்ள கடைகளிலேயே துப்பாக்கி விற்பனை உண்டு. முகாம் விடுதியில் தங்குபவர் பொதுவாக அதை ஆயுத அறையில் ஒப்படைக்க வேண்டும். வெளியே வீடு எடுத்துக் குடியிருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2011 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. வெளியே குடியிருக்கும் சிப்பாயிடம் ‘உன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?’ என்று மேலதிகாரி விசாரிக்கவே அது தடை போட்டது. சொந்த ஆயுதம் குடிமகனின் உரிமை என்பது காரணம். மனம் உடைந்து நிற்கும் சிப்பாயிடமும் கேட்க வழியில்லாமல் போயிற்று. 2013 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். உயிருக்கு ஆபத்து என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள்.

அமெரிக்கப் படையில் நடக்கும் தற்கொலைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு துப்பாக்கியால் நடப்பவை. 2023 பிப்ரவரியில் ஒரு விசாரணைக் குழு யோசனை சொன்னது. முகாம் கடையில் துப்பாக்கி கேட்டால் 7 நாள் கழித்தே கொடுக்க வேண்டும். 25 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்றது. அன்றைய ராணுவ மந்திரி லாயிட் ஆஸ்டின், அந்த ஆண்டு செப்டம்பரில் குழுவின் பல யோசனைகளை ஏற்றார். இந்த இரண்டையும் ஏற்கவில்லை.

பூட்டினால் போதுமா?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. துக்கக்காரனுக்கும் அப்படித்தான். ஆனால் ஆத்திரமும் துக்கமும் ஒரே உச்சத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. சில சமயம் பத்து நிமிஷத்தில் தணியும். சில சமயம் ஒரு ராத்திரி கழிய வேண்டும். அந்த நேரத்தைக் கடக்கவிட்டால் உயிர் தப்பும்.

தனியாக வைத்த போல்ட், வீட்டில் இல்லாத தோட்டா, முகாமில் விட்டு வந்த துப்பாக்கி, ஏழு நாள் காத்திருப்பு. இவை எல்லாம் அந்த நேரத்தைச் சம்பாதித்துத் தரும் ஏற்பாடுகள். சிப்பாயை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. எவ்வளவு நல்லவனுக்கும் ஒரு கெட்ட ராத்திரி வரலாம் என்பதுதான் அர்த்தம்.

துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமையைச் சுவிட்சர்லாந்து மக்கள் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியோடு போன தோட்டா டப்பா திரும்பிவிட்டது. எதிரியை விரட்டக் கொடுத்த ஆயுதம் பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் எமனாகக் கூடாது. அதற்குத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வைக்கலாம் என்பதைத்தான் ஒவ்வொரு நாடும் யோசிக்க வேண்டியிருக்கிறது.