தூக்கில் போட்ட பிறகு உடல் யாருக்குச் சொந்தம்?

"தூக்குல போட்டாச்சு, அவனுக்கெல்லாம் என்ன அடக்கம் வேண்டிக்கெடக்கு?"ன்னு எழுதுறவங்களுக்காக இந்த த்ரெட். மரண தண்டனை சரியா தப்பாங்கிறது வேற சண்டை. இங்க பேச்சு உடலைப் பத்தி மட்டும்தான்.

அரசு ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் உடலை ஒப்படைக்கிறது எங்க அன்றாட வேலை. குடிச்சுட்டு வண்டி ஓட்டி நாலு பேரைக் கொன்னுட்டுத் தானும் செத்தவனோட உடலையும் அவன் அம்மாகிட்டதான் கொடுக்கிறோம். அவன் யோக்கியனான்னு எந்த ஃபார்ம்லயும் கேள்வி கிடையாது.

பழைய சிஆர்பிசி 354(5) என்ன சொல்லுது? உயிர் போகும்வரை தூக்கில் தொங்கவிடணும். அவ்வளவுதான். அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்திலும் அதே கதைதான். சிறை டாக்டர் உயிர் போயிடுச்சுன்னு கையெழுத்துப் போட்ட நிமிஷமே தண்டனை முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல உடலைப் பிடிச்சு வெச்சா, எந்த நீதிபதியும் விதிக்காத தண்டனையை வீட்ல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறீங்க.

இதுல எங்க தொழிலுக்கும் ஒரு அசிங்கமான பங்கு உண்டு. பிரிட்டன்ல 1752-ல அமலுக்கு வந்த கொலைச் சட்டப்படி, கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவரை நேரா புதைக்கக் கூடாது. ஒண்ணு டாக்டர்கள் அறுக்கணும், இல்ல சங்கிலியில் கட்டி ஊர் பார்க்கத் தொங்கவிடணும். டிசெக்‌ஷனே தண்டனை! 1829-ல தூக்கிலிடப்பட்ட வில்லியம் பர்க்கோட எலும்புக்கூடு இன்னும் எடின்பரோ அனாட்டமி மியூசியத்துல நிக்குது. 1832-ல அந்தத் தண்டனையை எடுத்தாங்க. பதிலுக்கு யார் உடல் மேசைக்கு வந்துச்சு தெரியுமா? கேட்க ஆளில்லாம செத்த ஏழைகளோடது. கொலைகாரனுக்கு வெச்ச அவமானம் அப்படியே ஏழை தலையில இறங்குச்சு.

அப்புறம் சிறை வளாகத்துக்குள்ளேயே புதைக்கிற முறை வந்துச்சு. மனைவியையும் குழந்தையையும் கொன்னதா குற்றம் சாட்டி, குழந்தை கொலைக்காக டிமோதி எவன்ஸை 1950-ல தூக்கிலிட்டு பென்டன்வில் சிறையில் புதைச்சாங்க. அதே வீட்ல குடியிருந்த கிறிஸ்டி ஒரு தொடர் கொலைகாரன்னு 1953-ல தெரிஞ்சது. எவன்ஸ் உடலைக் குடும்பம் கொண்டுபோய் அடக்கம் பண்ண முடிஞ்சது 1965-லதான்.

"கல்லறை நினைவிடமா மாறிடுமே, சட்டம் ஒழுங்கு என்னாகும்?" இதான் எப்பவும் வர்ற பதில். சரி, 1931-க்குப் போவோம். பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் உடல்களை வெள்ளைக்காரன் லாகூர் சிறையிலிருந்து ராத்திரியோட ராத்திரியா கடத்தி சட்லஜ் கரையில் எரிச்சான். அந்த ஹுசைனிவாலாதான் இன்னைக்குத் தேசிய நினைவிடம். மக்பூல் பட் 1984-ல, அஃப்சல் குரு 2013-ல, ரெண்டு பேரையும் திகார் சிறைக்குள்ளேயே புதைச்சோம். ஸ்ரீநகர்ல ரெண்டு பேருக்கும் காலிக் கல்லறை காத்திருக்கு. உடல் உள்ள கல்லறையைவிட காலிக் கல்லறைதான் பெரிய கோஷம்ங்கிறது இவங்களுக்கு இன்னுமா புரியல?

குரு விஷயத்துல இன்னும் கேவலம். தூக்கு பிப்ரவரி 9. தகவல் சொன்ன ஸ்பீட் போஸ்ட் வீட்டுக்குப் போனது 11-ம் தேதி!

2014-ல சத்ருகன் சவுகான் வழக்குல உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லணும், கடைசியா பார்க்க விடணும், தூக்குக்குப் பிறகு போஸ்ட்மார்ட்டம் கட்டாயம்னு சொல்லிடுச்சு. கழுத்தெலும்பு விலகி உடனே செத்தாரா, மூச்சுத் திணறி நேரமெடுத்துச் செத்தாரான்னு தெரியணும்ல. நல்ல தீர்ப்பு.

ஆனா உடலைக் கொடுக்கிறது மட்டும் இன்னும் சிறைக் கண்காணிப்பாளர் மனசுல இருக்கு. உறவினர் எழுதிக் கேட்டா கொடுக்கலாம், ஆர்ப்பாட்டம் வரும்னு தோணினா மறுக்கலாம். தோணினா போதும்!

கொடுத்தா என்ன ஆகும்? 2015-ல யாகூப் மேமன் உடலைக் கொடுத்தாங்க, அன்னைக்கே மும்பையில் அடக்கம் முடிஞ்சது, பெருங்கூட்டம் வந்துச்சு, கலைஞ்சு போச்சு. 2020-ல நிர்பயா வழக்குல நாலு பேர். நாடே கொதிச்ச வழக்கு. போஸ்ட்மார்ட்டம் முடிச்சு உடல்களைக் குடும்பங்கள்கிட்ட கொடுத்தாங்க. எந்த ஊரும் பத்தி எரியல.

கேட்கிறது ஒண்ணுதான். 'கொடுக்கலாம்'ங்கிறதை 'கொடுக்கணும்'னு மாத்துங்க. மறுக்கிறதா இருந்தா காரணத்தை எழுத்துல கொடுங்க, குடும்பம் கோர்ட்டுக்குப் போகட்டும், அதுவரை உடல் மார்ச்சுவரி ஃப்ரீசர்ல இருக்கட்டும். அதுக்கு எங்ககிட்ட இடம் இருக்கு.