பண்பாட்டின் மேல் பழி போடாதீர்கள்

கொல்கத்தாவின் ஆய்வு மாணவர் படிப்புக் குழுக்களில் ஆறு மணிக் கூட்டம் ஏழுக்குத் தொடங்கினால் 'வங்காளிகளின் காலவுணர்வு' என்கிறோம். தமிழ் மாணவி வாய் திறக்காவிட்டால் 'தென்னாட்டு அடக்கம்' என்கிறோம். எட்வர்ட் ஹாலின் கலைச்சொற்களையும் துணைக்கு அழைக்கிறோம். இது விளக்கம் அன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல்.

காலவுணர்வு குருதியில் ஓடுவதில்லை. 1906இல் இந்தியப் பொது நேரம் வந்த பின்னும், அதைவிடச் சுமார் 24 நிமிடம் முந்திய தன் நேரத்தையே 1948 வரை வைத்திருந்த நகரம் இது. பின்னர் கடிகாரத்தை மாற்றியது, வாழ்க்கை நின்றுவிடவில்லை.

மௌனமும் அப்படியே. 2009இல் 10 மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஸ்டைவர்ஸ் குழுவினர், பதிலுக்கு முந்தைய இடைவெளியில் மொழிக்கு மொழி உள்ள வேறுபாடு நொடியின் சிறு பகுதியே எனக் கண்டனர். அம்மாணவியின் வாயை அடைப்பது மரபன்று. ஆங்கிலத்தில் தொடங்கி அறிவிப்பின்றி வங்காளத்துக்கு நழுவும் விவாதம்.

காபி ஹவுஸின் 'அட்டா' அரட்டை மரபை நான் இகழவில்லை. ஆனால் அது பெரிதும் ஆண்களின் வெளியாகவே இருந்ததைத் தீபேஷ் சக்கரவர்த்தியே எழுதியிருக்கிறார். காத்திருக்க முடிந்தவர்க்கே அது இனிமை. சியால்தாவில் கடைசி லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்த ஒரு மணி நேரம் பறிபோன பாடம்.

தொடக்க நேரத்தோடு முடிவு நேரத்தையும் அறிவியுங்கள். மொழியை முன்னரே முடிவுசெய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் பேசும் முறை வரட்டும். அட்டா அதன் பிறகு விடிய விடிய நடக்கட்டும்.