மலை ஏறுகிற வண்டி: புதுசா, பழசா?

மேகமலையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்குத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் உத்தியோகம். முழங்கால் வலியோடு மாமியார், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டில் ஆறு மாதமாகக் கார் பேச்சு. "இவர் லோன் போட்டுப் புதுசா ஒரு செடான் எடுக்கணும்கிறார். கொழுந்தனார் பழசே போதும்கிறார். ராத்திரி பத்து மணி வரைக்கும் இதே வாக்குவாதம். முன்பணத்துக்கு என் நகைதான் போகப் போகுது. ஆனா என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கலை. நீங்க சொல்லுங்க அக்கா" என்று முடித்திருக்கிறார்.

கேட்டிருக்க வேண்டும்தான். பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள், எந்தப் பிள்ளைக்கு எத்தனையாவது வளைவில் குமட்டும், மாமியாரின் கால் எவ்வளவு மடங்கும் என்பதெல்லாம் அந்த ஆண்கள் இருவரைவிட இவருக்குத்தான் அதிகம் தெரியும். கார் வாங்குவதில் பாதி விஷயம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். நான் மெக்கானிக் அல்ல. சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டு, மேலே இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வருஷா வருஷம் போய்வருகிறவள். சென்ற வருஷம் அவள் கார் தேடியபோது கூடவே அலைந்தவள். அந்த அலைச்சலில் கற்றதைச் சொல்கிறேன்.

மற்ற ஊர் வாசகியருக்காக முதலில் சாலையைச் சொல்லிவிட வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நடுவே 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். போய்ச் சேரும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். 2021-ல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. யானையும் காட்டுமாடும் குறுக்கே வரும். பனி இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் தேனி க.விலக்கு வரை இறங்கியாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். மலையில் கார் பவிசுக்காக அல்ல.

"மலைக்கு உயரமான வண்டிதானே சரி, செடான் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். வாஸ்தவம், எஸ்டேட்டின் உள் பாதைகளில் கல்லும் பள்ளமுமாக இருக்கும் இடத்தில் செடானின் வயிறு தட்டும். ஆனால் வளைவுகளில் உயரமான வண்டி அதிகமாகச் சாயும். தாழ்ந்த செடான் அவ்வளவு ஆடாது. ஆட்டம் குறைந்தால் வாந்தியும் குறையும். எங்கள் காலத்து அம்பாசடரை நினைத்துக்கொள்ளுங்கள். 1957-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்ற அந்த வண்டியில் நம் அப்பத்தாமார்கள் புடவைக் கொசுவம் கலையாமல் ஏறி, நாற்காலியில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்றைய செடான்களில் அந்தச் சௌகரியம் இல்லை. சீட்டு தாழ்வு, கூரை பின்பக்கம் சரிவு. முழங்கால் வலிக்காரர் குனிந்து, தலையை இடித்துக்கொண்டு உள்ளே விழ வேண்டியிருக்கிறது.

ஆகையால் ஷோரூமுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூச்சப்பட வேண்டாம். முதலில் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் உட்காரவிட்டு, தானாக எழுந்திருக்க முடிகிறதா பாருங்கள். என் நாத்தனார் மாமியார் இப்படி மூன்று வண்டிகளில் உட்கார்ந்து பார்த்து, மூன்றாவதில் "இதுல எந்திரிக்க வருதுத்தா" என்றார். பளபளப்பில் முதலாவதாக இருந்த வண்டி அதோடு கழிந்தது.

அடுத்தது எஞ்சின். 1,000 மீட்டர் ஏறினால் சாதாரண பெட்ரோல் எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும். காற்று அங்கே மெலிந்திருப்பதே காரணம். டர்போ வைத்த எஞ்சினுக்கு இந்தக் குறை அவ்வளவு தெரியாது. டிசையர், அமேஸ் போன்ற 4 மீட்டருக்குள் அடங்கும் செடான்களில் 1.2 லிட்டர் எஞ்சின். ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறினால் வளைவுக்கு வளைவு முதல் கியரில் முனகும். ஏறாமல் போகாது, பொறுமை வேண்டும். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா போன்ற நடுத்தர செடான்களில் 1.5 லிட்டர். டிக்கியும் 500 லிட்டருக்கு மேல். ஸ்லாவியா, வெர்ட்டஸ் இரண்டும் தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் உயரம், சிட்டி 165. நம் சாலைக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

இப்போது பணம். புதுசாகவே ஒரு நடுத்தர செடான் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு விலை 12 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. 4 மீட்டர் தாண்டிய செடானுக்கு 40 சதவீதம். அது விலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் தமிழ்நாட்டில் 10 லட்சம் தாண்டிய காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம், சாவியைத் தொடுவதற்கு முன்பே. இன்சூரன்ஸ் தனி. இதில் 8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்குக் கடன் வாங்கினால் மாதம் சுமார் 12,870 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 10 லட்சத்து 81 ஆயிரம். வட்டி மட்டுமே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். மாதச் சம்பளக்காரர் சமாளிப்பார். ஏலத்தையும் திராட்சையையும் நம்பி வாழ்கிற பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு வருமானம் பருவத்துக்கு வரும், தவணையோ மாதா மாதம் வரும்.

மறுபக்கம், இன்சூரன்ஸ்காரர்களின் அட்டவணையைப் பாருங்கள். 4 வருஷம் முடிந்து ஐந்தாவதில் ஓடும் வண்டிக்குப் பாதி மதிப்புத்தான் போடுகிறார்கள். சந்தை விலை முன்னே பின்னே இருக்கும், போக்கு அதுதான். முதல் சொந்தக்காரர் அந்த நஷ்டத்தை ஏற்றுவிட்டார். ஆயுள் வரியும் அவரே கட்டிவிட்டார். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியானால் நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை. மாதத்துக்கு நாலு தடவை சின்னமனூர், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மதுரை என்று ஓடப்போகிற வண்டிக்கு, மூன்றிலிருந்து ஐந்து வயசான, ஒரே கையில் இருந்த, 1.5 லிட்டர் பெட்ரோல் செடான்தான் என் சிபாரிசு. தினம் 50, 60 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், கையில் ரொக்கம் இருக்கிறது, 12 வருஷம் விற்க மாட்டீர்கள் என்றால் புதுசே வாங்குங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பழசில் ஒரு விஷயம் மட்டும் மனசை உறுத்தும். பிள்ளைகளின் பாதுகாப்பு. மோதல் சோதனையில் ஸ்லாவியா, வெர்ட்டஸ், வெர்னா மூன்றும் 2023-லும் டிசையர் 2024-லும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. அதைக் காட்டி அதே பெயருள்ள 2019 வண்டியை விற்பார்கள். நட்சத்திரம் பெயருக்கு அல்ல, அந்த வடிவத்துக்கு. டிசையர், வெர்னா இரண்டும் பெயரை வைத்துக்கொண்டு உடம்பையே மாற்றிக்கொண்டவை. எந்த வருஷத்து வண்டி, எத்தனை ஏர்பேக், பின்சீட்டின் நடுவிலும் தோளோடு வரும் பெல்ட் உண்டா, குழந்தை இருக்கை மாட்டக் கொக்கி உண்டா என்று கேளுங்கள்.

இனி, எங்கள் அலைச்சலில் ஒரு நாள். கம்பம் பக்கம் ஒரு பழைய கார் கடை. கேரளப் பதிவு வண்டி, விலை சல்லிசு, சீட்டுக்குப் புது உறை, உள்ளே மல்லிகை சென்ட் கமகமவென்றது. நாத்தனார் மயங்கியே விட்டாள். கூட வந்த மெக்கானிக் தம்பி என் காதருகே, "அக்கா, பின்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க" என்றான். இழுத்தேன். அடியில் ஒரு முழ நீளத்துக்குச் செம்மண் கறை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் வண்டலும் துருவும். கடைக்காரர் "மழையில நனைஞ்சிருக்கும்மா" என்றார். மூடிய காருக்குள் சுருட்டி வைத்த பெல்ட்டின் வேர் வரை எந்த மழை போகும்? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்திலும், 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் சென்னையிலும் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்தால் அவையும் பளிச்சென்றுதான் இருக்கும். ஒயர்களில் ஏறிய ஈரம் ஒரு வருஷம் கழித்து வேலையைக் காட்டும். ஆபத்தில் விரிய வேண்டிய ஏர்பேக் விரியாமலே போகலாம். சீட்டு ஸ்பாஞ்சில் தங்கிய பூஞ்சணம் ஆஸ்துமா பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அரை மணி வெயிலில் நிறுத்தி, பிறகு கதவைத் திறந்து மோந்து பாருங்கள். ரசம் வீணானதை மூடியைத் திறந்ததும் கண்டுபிடிக்கிற மூக்குக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. சென்ட் வாசனை அதிகமாக இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

குமுளி, கம்பம்மெட்டு வழியாக இறங்கும் கேரள வண்டிகள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே ஆயுள் வரி கட்டி, தேனியில் புது எண் வாங்க வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் சல்லிசு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

வண்டி பிடித்துவிட்டதா? கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். மலையில் நாலு வளைவாவது ஏற்றி இறக்குங்கள். ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் பின்னால் வழுக்கக் கூடாது. மறுபடி எடுக்கும்போது எஞ்சின் உறுமியும் வண்டி சோம்பலாக நகர்ந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. ஆறு வயசு தாண்டிய டயரோடு மலை ஏறாதீர்கள், பட்டன் தேயாமல் இருந்தாலும் சரி. கம்பெனி சர்வீசில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கைக் கேளுங்கள். மீட்டர் 30 ஆயிரம் காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். அந்த கம்பெனிக்குத் தேனியில் ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, மதுரைக்கு ஓட வேண்டுமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டியானால், 20 சதவீத எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலுக்கு எந்த ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டும் என்றும் கேளுங்கள். டீசல் சிட்டியும் டீசல் வெர்னாவும் 2023-லும், சியாஸ் மொத்தமாகவே 2025-லும் நின்றுவிட்டன. அவை இனிப் பழசாக மட்டுமே கிடைக்கும்.

வாந்தி விஷயம் பாக்கி இருக்கிறது. புதுக் காரின் பிளாஸ்டிக் வாசனையே பலருக்குக் குமட்டும். முதல் ஒரு மாதம் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜன்னல் எட்டாததால் வெளியே பார்க்க முடிவதில்லை. உடம்பு ஆடுகிறது, கண் ஆடவில்லை என்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல். உயர்த்தும் குழந்தை இருக்கையில், பெல்ட் போட்டு, தூரத்து மலையைப் பார்க்கும்படி உட்காரவையுங்கள். செல்போனைப் பிடுங்கிவிடுங்கள். புறப்படும் முன் இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். ஓட்டுகிறவர் இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்கினால் பிரேக்கும் சூடேறாது, பிள்ளைகள் வயிறும் புரளாது.

கடைசியாக, நகையை வைத்து வாங்குகிற வண்டியின் ஆர்.சி. யார் பேரில்? இதை எந்தச் சகோதரியும் கேட்டு எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். பழைய வண்டியானால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாக வேண்டும். முன் கடன் பாக்கியிருந்தால் வங்கியின் படிவம் 35-ம் வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது. முழுப் பணத்தையும் இந்தக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். படிவம் 30-ல் வாங்குபவர் பெயர் எழுதும் இடம் ஒன்று இருக்கிறது. ஆண்கள் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன், பேனாவை எடுத்து அதை நீங்களே நிரப்பிவிடுங்கள்.